"அழாதே" என்பதற்குப் பதிலாக என்ன சொல்வது?

நீலப்பேனா | திங்கள், இரவு 10.40

என் நெருங்கிய தோழிக்கு மூன்று வாரங்களுக்கு முன்பு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் நாங்கள். மருத்துவமனையிலிருந்து அவள் வீடு திரும்பிய மறுநாள் போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து ஒரு சின்னஞ்சிறு போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். நான்காக மடிப்பாள், முழங்காலில் வைத்து நீவுவாள், பிறகு பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து மடிப்பாள். அதைப் பார்க்க என்னால் தாங்க முடியவில்லை. ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்று பதறினேன். "அழாதே. உனக்கு இன்னும் வயது இருக்கிறது. அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும்" என்றேன்.

அதுவரை அவள் அழவே இல்லை. போர்வையைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். "வெயிலில் வந்திருக்கிறாய், தண்ணீர் கொண்டுவருகிறேன்" என்று எழுந்து போனாள். அன்றிலிருந்து என் அழைப்பை எடுப்பதில்லை.

என்ன சொல்லியிருக்க வேண்டும்? இப்போதாவது ஏதாவது எழுதி அனுப்பலாமா? இரங்கல் அட்டையில் வருவதுபோல "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்று அவளுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. நம் மொழியில் இதற்கென்று சொற்கள் இல்லாமலா இருக்கும்?

இரவுப்பணி | திங்கள், இரவு 11.25

தங்கை, பிரசவ வார்டில் பதினெட்டு ஆண்டுகளாகச் செவிலியாக இருக்கிறேன். உங்கள் மனதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை, அது உங்கள் தோழிக்கும் தெரியும். ஆனால் அந்த வார்த்தை ஏன் சுட்டது என்று தெரிந்தால்தான் அடுத்த வார்த்தை பிடிபடும்.

"அடுத்தது" என்ற சொல்லைப் பாருங்கள். அவர் மடித்துக்கொண்டிருந்தது இந்தக் குழந்தையின் போர்வை. "கரு கலைந்தது" என்பது நாங்கள் நோயாளிக் குறிப்பில் எழுதும் சொல். ஐந்தாம் மாதம் என்றால் உள்ளே அசைவு தெரியத் தொடங்கியிருக்கும். இரவில் வயிற்றில் கைவைத்துக் காத்திருந்திருப்பார். அவரைப் பொறுத்தவரை அவர் இழந்தது குழந்தையை. ஆகவே "குழந்தை" என்றே சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லை வெளியிலிருந்து யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, "பளு தூக்கினாயா, படியேறினாயா" என்று யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை கருச்சிதைவில் முடிகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களுக்குள் நடப்பவை, அவற்றிலும் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் பிழைதான் காரணம். ஐந்தாம் மாதத்தில் காரணங்கள் வேறு. கருப்பைவாய் பலவீனமாக இருக்கலாம், தொற்றாக இருக்கலாம், நஞ்சுக்கொடியில் கோளாறு இருக்கலாம், பல நேரம் காரணமே தெரியாமல் போகும். அன்றாட வீட்டுவேலை செய்ததால் குழந்தை போய்விடுவதில்லை. "என்னால்தானா?" என்று அவர் கேட்டால் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். கேட்காதபோது எண்களை எடுத்து வைக்காதீர்கள். "ஊரில் எல்லோருக்கும் நடப்பதுதானே" என்றுதான் அது காதில் விழும்.

சொல்லாய்வு | செவ்வாய், காலை 6.10

நீலப்பேனாவின் பதிவைப் படித்துவிட்டு, நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் மொழிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். அழாதே. கவலைப்படாதே. தைரியமாக இரு. மனதைத் தேற்றிக்கொள். நடந்ததை மறந்துவிடு. ஆகவேண்டியதைப் பார்.

அத்தனையும் ஏவல் வினை! முப்பது ஆண்டுகள் இலக்கணம் கற்பித்திருக்கிறேன், இது ஒருநாளும் என் கண்ணில் படவில்லை. நொறுங்கிக் கிடக்கும் ஒருவரிடம் போய் வரிசையாக வேலை ஏவிவிட்டு வருகிறோம். அதிலும் "தேற்றிக்கொள்" என்பதைக் கவனியுங்கள். தேற்ற வந்தவர் நாம். "கொள்" என்ற துணைவினையைச் சேர்த்ததும் அந்த வேலையும் துயரப்படுகிறவர் தலையிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறது.

நம் மொழியில் சொற்கள் இல்லாமலா இருக்கும் என்று கேட்டீர்கள் அம்மா. இருக்கின்றன. அவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று நாம்தான் பார்ப்பதில்லை. துயரத்தில் இருக்கும் மனதைத் தமிழ் கலங்கிய நீராகவே பார்க்கிறது. மனம் கலங்கியது என்கிறோம், கண் கலங்கியது என்கிறோம், பிறகு தெளிந்தான், தேறினான் என்கிறோம். கலங்கிய நீரைத் தெளியவைக்கும் விதைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். தேறு என்றால் தானே தெளிவது, தேற்று என்றால் தெளியவைப்பது. இந்த உவமையைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். குடத்துக்குள் கையைவிட்டுத் துழாவினால் நீர் தெளியுமா? "ஏன் நடந்தது, எப்படி நடந்தது, இனி என்ன செய்யப்போகிறாய்" என்று கேட்பதெல்லாம் துழாவுவதுதான்.

ஆறுதல் என்ற சொல்லும் அப்படியே. புண் ஆறுகிறது, சூடு ஆறுகிறது, சினம் ஆறுகிறது. எல்லாம் தானாக, தன் வேகத்தில் நடப்பவை. "ஆற்று" என்று பிறவினையாக்கலாம், ஆனால் அதே வினைக்குத் தாங்குதல் என்ற பொருளும் உண்டு. அதனால்தான் தாங்க முடியாத நிலையை ஆற்றாமை என்கிறோம். ஒருவரை ஆற்றுகிறவர் அவருடைய பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறவர் என்று எனக்குத் தோன்றுகிறது. இது அகராதிப் பொருள் இல்லை, என் வாசிப்பு.

ஆகவே என் யோசனை இதுதான். ஏவலை விட்டுவிட்டுத் தன்மை வினைக்கு வாருங்கள். வருகிறேன். கூட இருக்கிறேன். கேட்கிறேன். நினைத்துக்கொண்டிருக்கிறேன். இவற்றில் எதிராளிக்கு ஒரு வேலையும் இல்லை.

கலங்கரை | செவ்வாய், காலை 9.30

ஐயா, அருமையான பார்வை, ஆனால் முழுவதும் ஏற்க முடியவில்லை. என் அம்மா இறந்த அன்று வீடு முழுக்க ஆட்கள் இருந்தார்கள். நான் மூத்தவள் என்பதால் கல்லாக நின்றுகொண்டிருந்தேன். பெரியம்மா வந்து என் தோளைப் பற்றி, "வாய்விட்டு அழுதுவிடு, நான் பிடித்துக்கொள்கிறேன்" என்றார். அதுவும் ஏவல்தானே? ஆனால் அதுதான் என்னைக் காப்பாற்றியது.

"கடவுள் பார்த்துக்கொள்வார்" என்ற பேச்சையே இப்போது பலர் தவறு என்கிறார்கள். நம்பிக்கை உள்ளவர்களுக்கு அது வெற்று வார்த்தை இல்லை. அம்மாவுக்குப் பின் வந்த இரவுகளில் நான் பற்றிக்கொண்டு நின்றது அதை மட்டும்தான். பழைய ஆறுதல் மொழிகள் எல்லாவற்றையும் குப்பையில் போடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சொல்லாய்வு | செவ்வாய், காலை 10.05

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. "அழாதே" வாயை மூடுகிறது, "அழுதுவிடு" திறந்துவிடுகிறது. இரண்டும் ஏவல் என்று ஒரே கூடையில் போட்டது என் பிழை. உங்கள் பெரியம்மா "நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று கூடவே சொன்னாரே, அந்தக் "கொள்" இப்போது யார் தலையில் இருக்கிறது பாருங்கள்!

கடவுளைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் அதை உங்களுக்குள்ளிருந்து எடுத்துப் பற்றிக்கொண்டீர்கள். துயரப்படுகிறவர் தாமாக அந்தப் பேச்சை எடுத்தால் நாமும் அதே மொழியில் பேசலாம். அவர் எடுக்குமுன் நாம் கொண்டுபோய்க் கொடுத்தால், "அப்படியானால் கடவுள் ஏன் என் பிள்ளையை எடுத்தார்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

தனிப்படகு | செவ்வாய், மதியம் 1.15

தவறாகச் சொல்வதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். ஒன்றுமே சொல்லாமல் போவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் மனைவி இறந்தார். பதினைந்து நாள் கழித்து அலுவலகம் போனேன். நான் லிஃப்டுக்காக நின்றிருந்தபோது எதிரே வந்த சக ஊழியர் என்னைப் பார்த்ததும் திரும்பி, படிக்கட்டு வழியாக இறங்கிப் போனார். எட்டாவது மாடியிலிருந்து! அவர் கெட்டவர் இல்லை. என்ன சொல்வதென்று தெரியாத பயம். ஆனால் அன்று முழுவதும் தொற்றுநோயாளி போல உணர்ந்தேன். "கொடுத்து வைத்தது அவ்வளவுதான்" என்று சொன்னவர்கள்மீதுகூட எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் கிட்டே வந்தார்கள்.

நான் மறக்காத ஒருவர் இருக்கிறார். என் மேஜைக்கு வந்து நின்றார். கையிலிருந்த கோப்பின் நாடாவை அவிழ்த்துக் கட்டி, அவிழ்த்துக் கட்டி, "என்ன சொல்வதென்றே தெரியவில்லை சார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க போனில் சிரித்தால் என் மேஜை வரைக்கும் கேட்கும்" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்தை இரண்டு ஆண்டுகளாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் சிரித்ததை என்னைத் தவிர இன்னொருவரும் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போது எவ்வளவு வேண்டியிருந்தது என்று விளக்க முடியவில்லை.

"ஏதாவது வேண்டுமென்றால் தயங்காமல் சொல்லுங்கள்" என்று நூறு பேர் சொல்லியிருப்பார்கள். ஒருவரிடமும் நான் எதுவும் கேட்கவில்லை. என்ன வேண்டும் என்று யோசிக்கும் மூளையே அப்போது இல்லை. மனைவியின் தம்பி மட்டும் அப்படிக் கேட்கவில்லை. "மாமா, சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன், வங்கிப் படிவங்களை இருவரும் உட்கார்ந்து நிரப்பிவிடலாம்" என்றான். வந்தான். "உறவு" என்ற கட்டத்தில் "இறந்தவரின் கணவர்" என்று எழுத வேண்டியிருந்தது. பேனாவை என்னிடமிருந்து வாங்கி அவனே எழுதினான்.

கடைசியாக ஒன்று. துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, நீங்கள் இன்னும் "மறுப்பு" என்ற முதல் படியில் நிற்கிறீர்கள் என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். மனைவியின் சாவிக்கொத்து இன்னும் ஆணியில் தொங்குவதைப் பார்த்துச் சொன்னார். அது உண்மையா?

மறுமுனை | செவ்வாய், மாலை 7.50

அண்ணா, சாவிக்கொத்து அங்கேயே தொங்கட்டும்.

மன உளைச்சலில் இருப்பவர்கள் அழைக்கும் தொலைபேசிச் சேவை ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். எங்கள் பயிற்சியில் முதலிலேயே உடைத்துப் போட்ட கருத்துகளில் அந்த ஐந்து படிகளும் ஒன்று. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் அதை எழுதியபோது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி எழுதினார். உறவினரை இழந்தவர்கள் வரிசையாக ஏறவேண்டிய ஏணியாகப் பின்னால் அதை மாற்றிவிட்டார்கள். 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம்தான் நான் தொலைபேசியில் கேட்பதோடு ஒத்துப்போகிறது. துயரப்படுகிறவர் இழப்புக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் இடையே ஊசலாடுகிறார் என்கிறார்கள் அவர்கள். காலையில் வங்கிப் படிவம் நிரப்புவார், மாலையில் சாவிக்கொத்தைப் பார்த்து உடைவார். இரண்டுமே தேவையானவை.

நீலப்பேனா, உங்கள் முதல் பதிவில் ஒரு வரி இருக்கிறது. "அதைப் பார்க்க என்னால் தாங்க முடியவில்லை." கடிந்து சொல்லவில்லை, எனக்கும் இதேதான் நடந்திருக்கிறது. "அழாதே" என்று நம்மைச் சொல்லவைப்பது பெரும்பாலும் நம்முடைய வலி. எதிரே இருப்பவர் அழுகையை நிறுத்தினால் நமக்கு மூச்சு வரும். சூசன் சில்க் என்ற உளவியலாளரும் அவருடைய நண்பர் பாரி கோல்ட்மனும் 2013இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழில் இதற்கு ஒரு படம் சொன்னார்கள். அடிபட்டவரை நடுவில் வைத்து அவரைச் சுற்றி வட்டங்கள் போடுங்கள். கணவர் ஒரு வட்டம், பெற்றோர் அடுத்தது, தோழி அதற்கடுத்தது. ஆறுதல் உள்நோக்கிப் போகவேண்டும், புலம்பல் வெளிநோக்கிப் போகவேண்டும். உங்களுக்கும் அழவேண்டியிருக்கும். உங்கள் அம்மாவிடம் அழுங்கள், எங்களிடம் அழுங்கள்.

கேட்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1953இல் லண்டனில் சாட் வரா என்ற பாதிரியார் தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்களுக்காக ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். ஆலோசனை சொல்லப்போகிறவர் அவர்தான். அவரைப் பார்க்கக் காத்திருப்பவர்களோடு பேச்சுத்துணைக்குச் சில தன்னார்வலர்கள் உட்கார்ந்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் பலர் அந்தத் தன்னார்வலர்களிடம் மனதைக் கொட்டிவிட்டு, இனிப் பாதிரியாரைப் பார்க்கத் தேவையில்லை என்று எழுந்து போனார்கள். அடுத்த ஆண்டே வேலையைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் அமைப்பு வளர்ந்த கதை அது.

ஆனால் "மனதில் இருப்பதைக் கொட்டிவிடு" என்று பிடுங்கவும் கூடாது. பேரிடரில் சிக்கியவர்களை ஒருமுறை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொல்லவைப்பது ஒருகாலத்தில் வழக்கமாக இருந்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பிற்கால மனப்பாதிப்பை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, கதையைச் சொல்லும்படி வற்புறுத்தாதே என்கிறது, பொய் வாக்குறுதி கொடுக்காதே என்கிறது, "உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்" என்று சொல்லாதே என்கிறது. "அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும்" என்பதும் நம் கையில் இல்லாத வாக்குறுதிதான், இல்லையா?

நீலப்பேனா | செவ்வாய், இரவு 9.30

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஆமாம் என்பதைத் தவிர. இதை அனுப்பலாமா என்று பாருங்கள்:

"அன்று நான் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு. அன்றிலிருந்து எனக்கு உறக்கமே இல்லை. உன்னைக் காயப்படுத்திவிட்டேன் என்று நினைக்க நினைக்க நெஞ்சு வெடிக்கிறது. தயவுசெய்து ஒருமுறையாவது என்னோடு பேசு."

இரவுப்பணி | செவ்வாய், இரவு 10.15

அனுப்பாதீர்கள் தங்கை. இதைப் படித்ததும் அவர் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். மன்னிக்க வேண்டும், பேச வேண்டும், உங்களுக்கு உறக்கம் வரவைக்க வேண்டும். குழந்தையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

சொல்லாய்வு | புதன், காலை 5.55

மன்னித்துவிடு, பேசு. ஏவல் இரண்டும் அப்படியே இருக்கின்றன. வருத்தம் தெரிவிப்பது ஒரு வாக்கியத்தோடு நிற்கட்டும். எதற்காக என்று பெயர் சொல்லி ஒரு வாக்கியம் போதும். அதை நீட்டினால் கடிதம் உங்களைப் பற்றியதாகிவிடும்.

நீலப்பேனா | புதன், காலை 8.20

இப்போது?

"அன்று அடுத்ததைப் பற்றிப் பேசினேன். தவறு செய்தேன். நீ மடித்துக்கொண்டிருந்த போர்வையைப் பற்றி அல்லவா கேட்டிருக்க வேண்டும். உன் குழந்தையை நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வருகிறேன்."

இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். நேற்று அவளுடைய அக்காவிடம் பேசினேன். "நான் இருந்து என்ன ஆகப்போகிறது" என்று ஒருநாள் சொன்னாளாம். எல்லோரும் "அப்படியெல்லாம் பேசாதே" என்று அடக்கிவிட்டார்கள். அவளுடைய நான்கு வயது மகன் பாப்பா எங்கே என்று கேட்டபடியே இருக்கிறானாம். தூங்குகிறது என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுமுனை | புதன், காலை 8.45

"இருந்து என்ன ஆகப்போகிறது" என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம், ஞாயிறு வரை தள்ளவேண்டாம். இன்றே அக்காவை அழையுங்கள். யாராவது ஒருவர், அவர் நம்பும் ஒருவர், நேராகக் கேட்க வேண்டும்: "தற்கொலை செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறதா?" சுற்றி வளைக்காமல் இதே சொற்களில் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆய்வுகள் அதை மறுக்கின்றன. கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை, பலருக்கு அப்போதுதான் மூச்சு விட முடிகிறது. "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையே?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குள்ளேயே "இல்லை" என்ற பதிலை வைத்துவிட்டோம்.

ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், ஆபத்துக்குரிய பொருள்களை வீட்டிலிருந்து அகற்றுங்கள். இந்த இடத்தில் ஆறுதல் வார்த்தை மட்டும் போதாது.

இரவுப்பணி | புதன், மதியம் 2.00

இரவுப் பணி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். மறுமுனை சொன்னதுதான் முதல் வேலை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, குழந்தையை இழந்தவர்களுக்கும் வரும். உடல் பிரசவித்த உடல்தான். பால்கூடச் சுரக்கும். அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, தனியாகக் குளியலறையில் நின்று அழுவார்கள். மருத்துவரிடம் போகும்போது இதையும் கேட்கச் சொல்லுங்கள்.

பையனைப் பற்றி. "தூங்குகிறது" என்று சொன்னால் நான்கு வயதுப் பிள்ளை தூங்கவே பயப்படும், அல்லது எழும்வரை காத்திருக்கும். பெரியவர்களிடம் நாம் பயன்படுத்தும் மங்கலச் சொற்கள் எதுவும் குழந்தைக்கு உதவாது. "தவறிவிட்டது" என்றால் எங்கே விழுந்தது என்று கேட்கும். "போய்விட்டது" என்றால் எப்போது வரும் என்று கேட்கும். "பாப்பா இறந்துவிட்டது. இறந்துவிட்டால் உடம்பு வேலை செய்யாது, திரும்பி வராது. நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை. அம்மா அழுவது உன்மேல் கோபத்தால் இல்லை." இவ்வளவுதான். சொல்கிறவருக்குத்தான் தொண்டை அடைக்கும். பிள்ளை அநேகமாகத் தலையாட்டிவிட்டு விளையாடப் போகும், மறுநாள் அதே கேள்வியைக் கேட்கும். அதே சொற்களில் மறுபடி சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதம் இப்போது நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் மாற்றுங்கள். "வருகிறேன்" என்பது சிலருக்கு நெருக்கடி. மறுக்க ஒரு வழி வைத்து, அந்த வழியும் சுலபமாக இருக்கட்டும்.

கலங்கரை | புதன், மாலை 4.40

"வேண்டாமென்றால் ஒரு புள்ளி மட்டும் அனுப்பு, வேறொரு நாள் வருகிறேன்" என்று சேர்க்கலாமே? எனக்கு அந்த நாள்களில் "வேண்டாம்" என்று எழுதக்கூடத் தெம்பு இருக்கவில்லை. புள்ளி வைத்திருப்பேன்.

சொல்லாய்வு | புதன், மாலை 5.00

இந்த ஏவல் இருக்கட்டும்.

நீலப்பேனா | வியாழன், இரவு 9.10

அனுப்பிவிட்டேன். அக்கா நேற்றிரவே அவளிடம் நேராகக் கேட்டிருக்கிறார். சாகவேண்டும் என்று திட்டம் எதுவும் இல்லை, ஆனால் காலையில் கண் விழிக்காமலே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது என்றாளாம். கேட்ட பிறகு இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்களாம். இன்று மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். அடுத்த வாரமும் வரச்சொல்லியிருக்கிறார். அதுவரை அக்கா அவளோடே தங்குகிறார்.

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. புள்ளியும் வரவில்லை.

வெளித்திண்ணை | வெள்ளி, இரவு 11.50

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதலாமா என்று தெரியவில்லை.

நாங்கள் ஏழாம் மாதத்தில் ஒரு மகனை இழந்தோம். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவமனை வராந்தாவில் என்னைப் பார்த்த ஒவ்வொருவரும் "அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். வீட்டில் "அவள் எப்படி இருக்கிறாள்?" என்றார்கள். அலுவலகத்தில் "வீட்டில் எப்படி இருக்கிறார்கள்?" என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான், உடல்வலி அவளுக்கு. ஆனால் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். அதன் எடை என் முன்கையில் இன்னும் இருக்கிறது. உண்மையில் எடையே இல்லை, அதுதான்.

கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் இந்த வகைத் துக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார் என்று பின்னால் படித்தேன். தமிழில் அதை உரிமை மறுக்கப்பட்ட துக்கம் எனலாம். சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஏற்றுக்கொள்ளாத துக்கம். பிறக்காத குழந்தைக்காக அழுகிறவர்களும் அதில் சேர்ந்தவர்கள். அந்தச் சொல்லைக் கண்டபோது எனக்கு யாரோ நாற்காலி இழுத்துப் போட்டதுபோல இருந்தது.

நீலப்பேனா, உங்கள் தோழியின் கணவரிடம் யாராவது கேட்டார்களா?

நீலப்பேனா | ஞாயிறு, இரவு 10.30

மதியம் ஒரு மணிக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. "பெயர் வைத்திருந்தோம். உனக்குச் சொல்லட்டுமா?"

ஐந்து மணிக்குப் போனேன். கதவைத் திறந்து அவளே பெயரைச் சொன்னாள், வாசலிலேயே, உள்ளே போகுமுன். நான் திருப்பிச் சொன்னேன். "இன்னொரு தடவை சொல்" என்றாள். சொன்னேன். பெயரை இங்கே எழுதவில்லை, அது அவர்களுடையது.

பிறகு ஒரு மணிநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். போர்வையை எடுத்து என் மடியில் வைத்தாள். தையல் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்தது. "இதைத் தைத்துவிடட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம், இப்படியே இருக்கட்டும்" என்றாள். இடையில் அழுதாள், நானும் அழுதேன். "அழாதே" என்று மூன்று முறை நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பையனிடம் இறந்துவிட்டது என்று வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டார்களாம். இரவுப்பணி அக்கா சொன்னதுபோலவே கேட்டுவிட்டு விளையாடப் போனானாம். இன்று என்னிடம் வந்து, "எங்க பாப்பா இறந்துபோச்சு, உங்களுக்குத் தெரியுமா?" என்றான். தெரியும் என்றேன்.

வெளித்திண்ணை அண்ணா, நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவளுடைய கணவர் பின்கட்டில் குழாயடியில் நின்று எதையோ கழுவிக்கொண்டே இருந்தார். உள்ளே வரவில்லை. கிளம்பும்போதுதான் உங்கள் கேள்வி நினைவுக்கு வந்தது. நின்றேன், ஆனால் என்ன வார்த்தையில் தொடங்குவது என்று தெரியாமல் "வருகிறேன் அண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவருக்கு என்ன சொல்லலாம்?

வெளித்திண்ணை | ஞாயிறு, இரவு 10.55

"நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள் தங்கை. "நான் நன்றாகத்தான் இருக்கிறேன், அவள்தான்" என்று பேச்சைத் திருப்புவார். நான் அப்படித்தான் செய்தேன். அப்போது போய்விடாமல், குழந்தையின் பெயரைச் சொல்லி, "உங்களுக்கும்தானே" என்று சொல்லுங்கள்.

நீலப்பேனா | ஞாயிறு, இரவு 11.00

அவர் எண் என்னிடம் இருக்கிறது. இப்போது மணி பதினொன்று. காலையில் அழைக்கிறேன்.